இரைப்பை அழற்சி: 14 நாள் மாத்திரை முடிந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களிடம் 'கேஸ் டிரபிள்' பேச்சு ஓய்வதில்லை. எண்டாஸ்கோப்பியில், இரைப்பை அழற்சியை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி தெரிந்தால் 14 நாள் மாத்திரை தருவார்கள். அது முடிந்தும் வயிறு எரிந்தால், கிருமி சாகவில்லை என்று தாங்களாகவே முடிவுகட்டி, அதே ஆன்டிபயாடிக்கை மலையில் ஒரு கடை, கீழே ஒரு கடை என்று வாங்கி விழுங்குகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்த வேண்டும்.

கிருமி செத்த அன்றே அழற்சி அடங்கிவிடாது. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் சில வாரங்களில் குறைந்துவிடும். லிம்போசைட், பிளாஸ்மா செல் என்ற மற்ற வகை வெள்ளணுக்கள் ஓராண்டு தாண்டியும் இரைப்பைச் சுவரில் தங்கியிருக்கும். அதனால்தான் கிருமி இல்லாத திசுவிலும் 'நாள்பட்ட அழற்சி' என்று ரிப்போர்ட் வருகிறது. பல வருடம் கிருமியைச் சுமந்தவர்களுக்கு அமிலம் சுரக்கும் சுரப்பிகளே தேய்ந்து, அங்கே குடல் போன்ற திசு முளைத்திருக்கும். அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. தேய்வு இரைப்பை முழுக்கப் பரவியவர்கள், எரிச்சலே இல்லாவிட்டாலும், 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டாஸ்கோப்பி செய்வது அவசியம். பி12, இரும்புச்சத்து அளவும் பார்க்க வேண்டும்.

கிருமி போய்விட்டதா என்பதை எரிச்சலை வைத்துச் சொல்ல முடியாது. யூரியா மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜன் பரிசோதனையோதான் சொல்லும். அதுவும் ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் வகை மாத்திரையை டாக்டரிடம் கேட்டு 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். அவசரப்பட்டால், இருக்கும் கிருமியும் இல்லையென்றே வரும். ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

ஜீப்புக்கு ஓடும் அவசரத்தில் 14 நாள் மாத்திரையில் காலை வேளைதான் தவறுகிறது. அதில் பேன்டோபிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். ஐந்தாம் நாள் வலி விட்டதும் நிறுத்தினால், மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். சேர்த்துத் தரும் பிஸ்மத் மாத்திரையைச் சாப்பிடும்போது மலம் கறுப்பது இயல்பு. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் மது தொடக்கூடாது.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். என்ன ஆன்டிபயாடிக், எந்தத் தேதியில் முடிகிறது, மறுபரிசோதனை எப்போது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அதைக் குமுளியிலோ நெடுங்கண்டத்திலோ காட்டினால்தான், இங்கே ஒருமுறை பலிக்காத கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கையே அங்குள்ள டாக்டரும் எழுதாமல் இருப்பார்.

மருந்தாளுநர்,
கம்பம்