செலவு எங்கள் தலையில் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலம் குன்றியவர்களை அவசரமாக மருத்துவமனையில் சேர்ப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டிச் செலவுக்கும் வக்கீல் செலவுக்கும் குடும்பத்தார் முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்பது நல்லது என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

2022-இல் ஒரு நள்ளிரவில் பஸ் நிலையத்தில் அலைந்துகொண்டிருந்த என் தம்பியைக் காவலர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். நான் ஓடிப்போனதும், "மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு கார் பிடியுங்கள்" என்றார்கள். வாடகை 2,800 ரூபாய். நடுவர் முன் நிறுத்த வக்கீல் கட்டாயம் வேண்டும் என்று நீதிமன்ற வாசலில் சொன்னார்கள். அதற்கு 6,000. பத்து நாள் கழித்து அதே வாசலில் இன்னொரு 4,000. என் மனைவியின் அரைப் பவுன் தோடு அடகுக்கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. தம்பிக்கு இது தெரியாது. தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவான்.

மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். தங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். அப்படித் திரிபவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல்துறையின் கடமை என்கிறது 100-ஆவது பிரிவு. இலவச சட்ட உதவி அவருடைய உரிமை என்கிறது 27-ஆவது பிரிவு. அந்த உரிமை இருப்பதை நடுவரும் காவலரும் மருத்துவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மூன்று இடத்திலும் கைகட்டி நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. சேர்த்த பிறகு குறை இருந்தால் முறையிடுவதற்கான மனநல சீராய்வு மன்றத்தில் மனு கொடுப்பதற்கும் கட்டணம் கிடையாதாம். அப்படி ஒரு மன்றம் இருப்பதையே மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

குடும்பத்தார் மேல் பாரத்தை ஏற்றுவது புதிதல்ல. தம்பிக்கு முதலில் நோய் கண்டபோது, மனநோயாளிகளைத் தர்காவை ஒட்டிய காப்பகங்களில் விட்டுவந்த ஏர்வாடியில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள் உறவினர்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட செய்தி வந்த நாளில், தம்பியின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று எங்கள் தெருவே, கொண்டுபோய் விட்ட பெற்றோரைத்தான் ஏசியது. அந்தப் பெற்றோருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தங்கள் இதழிலும் "மனநோயாளி அட்டகாசம்" என்ற தலைப்பை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அது வேண்டாம் என்று இரண்டு முறை எழுதிய கடிதங்கள் வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம்.

இப்போது கேட்பது நான்கு விரற்கடை இடம்தான். இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. அதையும் 27-ஆவது பிரிவு சொல்வதையும் கட்டுரை வந்த அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையே வெளியிடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அன்றுதான் எல்லாரும் பேப்பர் படிப்பார்கள்.

தம்பியின் பொருட்டு என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் இதழைப் படித்துவரும் வாசகன்