காரைக்குடி ரேடியோ கடை அண்ணனுக்கு

கானாடுகாத்தான் வீட்டு முற்றத்தில் அண்டா மழைத்தண்ணீரில் நிரம்பினால், சிங்கப்பூரில் இருக்கும் அப்பத்தாவுக்கு டெலிகிராமில் செய்தி போகவேண்டும். அவ்வளவுதான் என் விளையாட்டு. பைசா பிரயோஜனம் கிடையாது. அதற்கு வைத்த ஈஎஸ்பி32 போர்டோ (வைஃபை உள்ள குட்டிக் கணினி) வைஃபை தொடங்கியதும் அணைந்து அணைந்து எழுந்தது.

அண்ணே, உங்கள் கடைக்கு ஒயர் வாங்கத்தான் வந்தேன். கையிலிருந்ததை நீங்களே வாங்கிப் பார்த்தீர்கள். "சிக்னல் அனுப்புறப்ப கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் இறங்கிரும்" என்றபடி கரண்டைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்து, மைனஸ் கோடு பார்த்துப் பற்றவைத்தீர்கள். அதோடு விட்டீர்களா? தண்ணீர் மட்டம் அளக்கும் சென்சாரின் எக்கோ பின் (எதிரொலி சிக்னல் வரும் கால்) 5 வோல்ட் தரும், போர்டு 3.3தான் தாங்கும் என்று வோல்டேஜைக் குறைக்க இரண்டு ரெசிஸ்டரும் போட்டுவிட்டீர்கள். காசு ஒயருக்கு மட்டும்!

நேற்றைய மழையில் செய்தி போய்ச் சேர்ந்தது. "அண்டாவ உள்ள எடுத்து வைங்கடா" என்று அப்பத்தாவிடமிருந்து பதில். ரொம்ப நன்றி அண்ணே. காரைக்குடிக்காரர்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்கள்.