ஆப்பிரிக்கா தந்தது தாளம் மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பியானோ கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. ஆப்பிரிக்கா பியானோவுக்குத் தாளத்தைக் கொடுத்தது என்று சொல்லிவிட்டு, கட்டுரை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. தாளம் கொடுத்தது சரி. பேச்சையும் பாட்டையும் எங்கே விட்டீர்கள்?

நைஜீரியாவில் யொரூபா மக்களின் துன்துன் முரசைக் கேட்டுப் பாருங்கள். நம் உடுக்கை போல இடை சிறுத்த கருவி. வார்களை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். யொரூபா மொழியில் ஒரே அசையை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். அந்த ஏற்ற இறக்கத்தை முரசு அப்படியே வாசிப்பதால், ஊர்க்காரர் காதில் அது சொல்லாகவே விழுகிறது. ஒருவரைப் பெயர் சொல்லி வாழ்த்தக்கூட முடியும்.

அதே யொரூபா மண்ணில் பிறந்து, லண்டனில் பியானோ படித்தவர் அகின் யூபா. ஆப்பிரிக்க முரசின், பாட்டின் நடையைப் பியானோவில் கொண்டுவரும் வழிக்கு 'ஆப்பிரிக்கன் பியானிசம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். முரசைத் தட்டுவது போல, பியானோவுக்குள்ளும் தந்தியைச் சுத்தியல் தட்டித்தானே ஒலி வருகிறது? அவருக்குப் பின் வந்த ஜோஷுவா உசோய்க்வே, நைஜீரியாவின் இக்போ மக்களுடைய உகோம் என்ற முரசு வரிசையின் இசையைப் பியானோவுக்கு எழுதினார். அதில் இடது கை ஒரே சொற்கட்டை விடாமல் வாசிக்க, வலது கை அதன்மேல் பேசிக்கொண்டே போகிறது.

நான் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். ஜிம்பாப்வேயில் ம்பிரா என்று ஒரு கருவி, உலோகப் பட்டைகளை விரலால் மீட்டி வாசிப்பது; அதில் ஒருவர் வாசிக்கும் ஸ்வரங்களின் இடைவெளியில் மற்றவர் புகுந்து வாசிப்பார். இதை இரண்டு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். பதினொரு வயது மாணவி ஒரு வாரம் திணறினாள். எண்ணுவதை நிறுத்தச் சொல்லி, இரண்டையும் சேர்த்துப் பாடவைத்தேன். அப்புறம் தானாக வந்தது. இரண்டு கைக்கும் எழுதாத மூன்றாவது ஒரு மெட்டு நடுவிலிருந்து கேட்டது. "மிஸ், இதை யார் வாசிக்கறாங்க?" என்று கேட்டாள்.

பியானோவுக்கு வராததும் உண்டு. துன்துன்னின் குழைவு வராது. ம்பிராவில் சோடா மூடிகளையோ சிப்பிகளையோ கட்டி வேண்டுமென்றே உண்டாக்கும் அந்த அதிர்வும் வராது. தம்புராத் தந்திக்கு அடியில் ஜீவா என்ற நூலை வைத்துப் பழகிய நம் காதுக்கு அதன் அருமை சட்டென்று புரியும்.

கானாவின் இசையமைப்பாளர் குவாபெனா ந்கெட்டியா மாணவர்களுக்காகவே எழுதிய 12 பியானோ துண்டுகள் 1994இல் புத்தகமாக வந்தன. பியானோ கலைஞர் ரெபெக்கா ஒமோர்டியா 2022இல் இந்த வழியில் ஒரு முழு இசைத்தட்டே வெளியிட்டார். இவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
திருச்சி.