காளானும் இல்லை, முழுச் சைவமும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சமையல் பக்கத்தில், இறைச்சிக்குப் பதிலாகக் கடையில் உறையவைத்து விற்கிற குவார்னை (Quorn) 'காளான் இறைச்சி' என்றும் 'சுத்த சைவம்' என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே பிழை.

அது குடை விரிக்கிற காளான் அல்ல. பியூசேரியம் வெனனேட்டம் என்ற பங்கசு. ஊர்ப் பேச்சில் பூஞ்சணம். உலகத்துக்குப் புரதப் பஞ்சம் வந்துவிடும் என்று 1960களில் பயந்து தேடியவர்களுக்கு, இங்கிலாந்தின் மார்லோ ஊர் மண்ணில் கிடைத்தது. பெரிய கொள்கலன்களில் குளுக்கோசு ஊட்டி, காற்றுச் செலுத்தி வளர்க்கிறார்கள். அந்த இழைகள் பிரிந்து போகாமல் இருக்க முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பிசைந்து, அவித்து, உறைய விடுகிறார்கள். உறையும்போது இழைகள் நெருங்கித்தான் கோழி நார் போல வருகிறது. 1985இல் கடைக்கு வந்த சாமான் இது.

வெள்ளைக்கரு விஷயம் நான் பட்டறிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்த முதல் வெள்ளிக்கிழமை, வீட்டுக் கறித்தூள் போட்டுப் பிரட்டல் வைத்தேன். "சோயாமீற்றை விட மெத்தெண்டு இருக்குது பிள்ளை" என்று இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பெட்டியைக் குப்பையில் போடும்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. முதலே வாசிக்காதது என் பிழை. சொல்லாமல் விடுவோமா என்றும் யோசித்தேன், சரி, சொல்லிவிட்டேன். மாமி ஒன்றும் பேசவில்லை. தோய்ந்துவிட்டுச் சாமியறைக்குப் போனார். அடுத்த வெள்ளி சமையல் அவருடையது: பருப்பு, கத்தரிக்காய்.

முட்டைக்குப் பதிலாக உருளைக்கிழங்குப் புரதம் சேர்த்ததும் கிடைக்கிறது. பெட்டியில் 'வீகன்' என்று இருக்கும். அதைப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கலாம்.

கோழியை விடப் புரதம் கூட என்றும் போட்டிருந்தீர்கள். இந்தப் பங்கசில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில்தான் புரதம் இருக்கிறது. சமைத்த கோழி நெஞ்சிறைச்சியில் 30 கிராம் வரும். நார்ச்சத்து 6 கிராம் இருக்கிறது, கோழியில் அது அறவே இல்லை. புகழ்வதென்றால் அதைப் புகழுங்கள். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுக்கும் என்பதால், முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது.

அப்புறம், 40 நிமிடம் அவியவிடச் சொல்லியிருந்தீர்களே, அந்தக் கணக்கு. ஆட்டிறைச்சி மாதிரி இதை அவியவிட வேண்டியதில்லை. வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை தாளித்து, தூள் பச்சை வாசம் போய்க் குழம்பு தடித்த பிறகு, உறைந்தபடியே துண்டுகளைப் போட்டால் கால் மணி நேரத்தில் கறி இறக்கலாம்.

நான் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை தவிர்த்து. அடுத்த இதழில் முட்டையைப் பற்றியாவது ஒரு வரித் திருத்தம் போடுங்கள். கந்தசஷ்டி வருகிறது.

வாசகி,
ஹரோ, லண்டன்