குறைந்த ஆற்றல் என்றால் தொடக்கப் பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோ பற்றி இளம் ஆய்வாளர்களுக்கு நடந்த பயிற்சிப் பள்ளி குறித்துச் சென்ற இதழில் செய்தி வந்திருந்தது. சந்தோஷம். படம்கூட நன்றாகவே இருந்தது. ஆனால் ‘குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்கள் எளிமையானவை என்பதால் புதியவர்களுக்கு முதலில் அவற்றில் பயிற்சி தரப்படுகிறது’ என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறாரே, இதை அவருக்கு யார் சொன்னது? பாடம் நடத்தியவர்கள் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

ஆற்றல் குறையக் குறையத்தான் தலைவலி கூடும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் புகுந்து போகின்றன என்று நீங்களே எத்தனையோ முறை எழுதியாயிற்று. எத்தனை சிக்குகின்றன என்பதை மட்டும் எழுதுவதில்லை. அமெரிக்க விஞ்ஞானி ரே டேவிஸ் அங்குள்ள ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 600 டன்னுக்கு மேல் குளோரின் கலந்த உலர்சலவைத் திரவத்தை நிரப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து பொறுக்கி எடுத்தது, நியூட்ரினோ மோதிக் குளோரின் மாறியதால் உருவான, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆர்கான் அணுக்களை. அதுவும் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். அவர் கணக்கை நம்பாதவர்கள் ஏராளம். வழியில் நியூட்ரினோ வகை மாறிவிடுகிறது என்று கனடாவின் சட்பரி சுரங்கத்தில் நடந்த கனநீர்ச் சோதனை உறுதி செய்ய 2002 ஆகிவிட்டது. எளிமைதான், போங்கள்.

நானும் இப்படியொரு பள்ளியில் உட்கார்ந்து எழுந்தவன். இத்தாலியில் பூமிக்கடியில் நியூட்ரினோ மோதினால் ஒளிரும் திரவத்தை வைத்து நடந்த போரெக்சினோ சோதனையின் பாணியில் ஆற்றல் வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் சூரியன் எது, கதிரியக்கக் குப்பை எது என்று பிரிக்கச் சொன்னார்கள். மதியம் முழுக்க அதே வேலைதான். இடது ஓரத்தில், அதாவது குறைந்த ஆற்றல் பக்கத்தில், கதிரியக்கக் கார்பன்-14 மலைபோல் நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த பெட்ரோலியத்திலிருந்து திரவம் தயாரித்தும் அது விடாது. அப்புறம் பொலோனியம். அதையும் தாண்டினால் பிஸ்மத்-210 காத்திருக்கும். அதன் அளவைக் கொஞ்சம் ஏற்றினால் நியூட்ரினோ இறங்கும், இறக்கினால் நியூட்ரினோ ஏறும். வளைகோடு இரண்டுக்கும் அப்படியே பொருந்தும்! யாரை நம்புவது? போரெக்சினோ குழு தொட்டி முழுவதற்கும் வெப்பக் காப்பு உறை போர்த்தி, உள்ளே திரவம் புரளாமல் அடக்கி, பிஸ்மத்துக்கு ஒரு வரம்பு கட்டிய பிறகுதான், சூரியனின் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சி தரும் நியூட்ரினோக்களை 2020இல் அறிவிக்க முடிந்தது.

இந்த வித்தையைப் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ரேடான் என்ற கதிரியக்க வாயு எங்கே கசியும், எந்த வால்வு தூசி பிடிக்கும் என்பதெல்லாம் செய்து பார்த்தவர் வாயால் கேட்க வேண்டியவை. போரெக்சினோ 2021இல் அளவெடுப்பதை நிறுத்திவிட்டது. 20,000 டன் திரவம் கொண்ட சீனாவின் ஜூனோ சோதனை 2025இல் தொடங்கிவிட்டது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே தெரியாதவர்களை உட்கார வைப்பதற்குத்தான் அந்தச் சில நாள் பள்ளி. ‘சுற்றுலா’ என்ற உங்கள் துணைத்தலைப்பையும் கவனித்தேன். நன்றி.

இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. 2011இல் ஒளியை முந்தியதாகச் சொன்ன நியூட்ரினோவுக்கு உங்கள் முதல் பக்கத்தில் இடம் கிடைத்தது. மறுவருடம் அந்தச் சோதனையில் ஒரு ஒளியிழை இணைப்பு சரியாகப் பொருந்தாததால் வந்த பிழை என்று தெரிந்ததும், அந்தச் செய்தி உள்பக்கத்து மூலைக்குப் போய்விட்டது. 2017இல் வெறும் 14.6 கிலோ படிகத்தை வைத்து நியூட்ரினோ அணுக்கருவையே மொத்தமாக உலுக்குவதைக் கண்டுபிடித்தார்களே, 1974இல் கணித்தது கைகூடியதே, அதற்கு ஒரு வரி? நானே எழுதி அனுப்பினேன். இடமில்லை என்றுகூடப் பதில் வரவில்லை. நியூட்ரினோவில் எது நடந்தாலும் ‘பேய்த் துகள்’ என்ற தலைப்பு மட்டும் தயாராக இருக்கிறது. வாசகர்கள் அதைத் தாண்டிப் படிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களோ என்னவோ.

சரி, மறுப்பு வெளியிடுவதும் வெளியிடாததும் உங்கள் விருப்பம். நான் கேட்பது இதுதான்: அடுத்த முறை இப்படியொரு பள்ளிக்கு அறிவிப்பு வந்தால், விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிவதற்குள் அதை மூன்று வரியில் போடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு குழுப்படம் போடுவதால் எந்த மாணவனுக்கும் இடம் கிடைக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்