மறுப்புத் தாளில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசா அதிகாரிகளுக்கு,

வணக்கம். கணவனோடு அல்லது மனைவியோடு சேர்ந்து வாழ விண்ணப்பித்து, இன்டர்வியூவில் மறுப்புத் தாளை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதை வாசித்து விளக்குவது பல வருடமாக நான் செய்துவரும் வேலை. நான் வக்கீல் இல்லை. வக்கீல் தேவைப்படும் விஷயம் என்றால் வக்கீலிடம் போகச் சொல்லிவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால், 'இது எந்த மாதிரி மறுப்பு?' என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. என்னிடம் வரும் பெரும்பாலோருக்கு அதற்கே விடை தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களிடம் இருப்பது 'ரெஃப்யூஸ்ட்' என்ற ஒரே சொல். ஒரு சான்றிதழ் குறைகிறது என்றாலும் அதே சொல்தான், இந்தத் திருமணமே பொய் என்று நீங்கள் நினைத்தாலும் அதே சொல்தான். கூடுதல் விசாரணைக்காக நிறுத்தி வைத்திருக்கும் விண்ணப்பத்துக்கும் உங்கள் இணையதளம் அதையே காட்டுகிறது. நள்ளிரவில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற மனைவிக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?

அதிகம் வருவது 221(ஜி), அதாவது ஏதோ தாள் குறைகிறது அல்லது இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அந்தச் சட்டப் பிரிவில் தரும் மறுப்பு. இதைக் கொடுக்கும்போது கதவு இன்னும் மூடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தமிழர்களுக்கு இதில் பாதித் தொல்லை பெயரால் வருகிறது. எங்களில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர் ஒரு தாளில் இனிஷியலாக இருக்கும், இன்னொன்றில் விரித்து எழுதியிருக்கும், பாஸ்போர்ட்டில் சில சமயம் இருக்கவே இருக்காது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்காரருக்கு முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் 'எஃப்என்யூ' என்று நீங்களே விசாவில் அச்சடிக்கிறீர்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் 'பதிவு இல்லை' என்ற சான்றும் அதற்கு மாற்று ஆதாரமும் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் கொஞ்ச நாள் அலைந்தால் சரிசெய்யக்கூடிய குறைகள். ஆனால் ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் புதிதாக விண்ணப்பித்து, கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். அந்த ஓராண்டுக் கணக்கு பலர் மனதில் பதிவதே இல்லை.

வருமானக் குறைவு என்று மறுத்தாலும் வழி உண்டு. வருகிறவரின் செலவைத் தாங்குவேன் என்று அங்கே இருப்பவர் கையெழுத்துப் போடும் ஐ-864 படிவத்தில், அந்த ஸ்பான்சரின் வருமானம் அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்தை எட்டவில்லை என்றால், அமெரிக்காவில் வசிக்கும் இன்னொரு குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். ஒரு சித்தப்பாவோ நண்பரோ முன்வந்தால் முடிகிற காரியம்.

பழைய தவறுகளால் வரும் மறுப்பு இன்னும் கனமானது. அமெரிக்காவில் அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு 3 ஆண்டுத் தடை, ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டு. விசாவுக்காக முக்கியமான ஒன்றில் பொய் சொன்னார் என்று முடிவானால் தடைக்கு முடிவே இல்லை. இந்த இரண்டுக்கும் ஐ-601 படிவத்தில் விலக்கு கேட்கலாம். ஆனால் அங்கே இருக்கும் கணவனோ மனைவியோ பெற்றோரோ மிகக் கடுமையாகக் கஷ்டப்படுவார் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளையின் கஷ்டம் தனியாகக் கணக்கில் வராது. 'பிள்ளை அப்பாவைத் தேடுறான், அதை எழுதினா போதாதா?' என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது இனிச் சொல்லப்போகும் மறுப்பு. திருமணம் உண்மையா என்று சந்தேகம் வந்தால், துணையை அழைத்துக்கொள்ள அங்கே இருப்பவர் போட்டு, முன்பே ஏற்கப்பட்ட ஐ-130 மனுவை நீங்கள் குடிவரவுத் துறைக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். அது போய்ச் சேர்ந்து யாராவது எடுத்துப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் மனுவை ரத்துசெய்யப் போவதாக ஒரு நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 30 நாள்தான். நோட்டீஸ் போவது அமெரிக்காவில் மனு போட்டவரின் பதிவான முகவரிக்கு. அவர் வீடு மாறி, முகவரியைத் திருத்தாமல் இருந்தால் அந்த 30 நாளும் தெரியாமலே போய்விடும். மோசடித் திருமணம் என்று முடிவெழுதிவிட்டால் பிறகு விசா கேட்டவருக்காக யார் போடும் மனுவும் தேறாது, அதற்கு விலக்கும் கிடையாது. இவ்வளவு ஆபத்தான பாதையில் ஏறிவிட்டோம் என்று தெரியாமல், 'தகவல் வரும்னு சொன்னாங்க' என்று நம்பிக் காத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே தெரிந்திருந்தால் முகவரியைத் திருத்தியிருப்பார்கள், பணம் அனுப்பிய ரசீது, பயண டிக்கெட், பேசிய பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பார்கள்.

உங்கள் முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. தனி ஒருவரின் விசா விஷயத்தில் வெளியுறவு அமைச்சரே உங்களுக்கு உத்தரவிட முடியாது என்று சட்டம் சொல்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் நிலவரம் கேட்கலாம், அவ்வளவுதான். சாண்ட்ரா முன்யோஸ் என்ற அமெரிக்கக் குடிமகளின் கணவருக்கு 2015-இல் விசா மறுத்தீர்கள். குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்ற சந்தேகம்தான் காரணம் என்று, வழக்குப் போட்ட பிறகு, ஏறக்குறைய 3 ஆண்டு கழித்துத்தான் அவர்களுக்குச் சொன்னீர்கள். கணவர் அதை மறுத்தார். கணவரை நாட்டுக்குள் அனுமதிக்கச் சொல்லிக் கேட்கும் அடிப்படை உரிமை மனைவிக்கு இல்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. சரி, சட்டம் உங்கள் பக்கம். அதனாலேயே அந்தத் தாளில் நீங்கள் எழுதுவதற்குக் கனம் கூடிவிட்டது என்று நான் நினைக்கிறேன். அதைச் சரிபார்க்க வேறு யாரும் இல்லை.

உங்கள் விதிகளிலேயே நல்லவை இருக்கின்றன. மறுப்பைத் தலைமை அதிகாரியோ அவர் நியமித்தவரோ பார்வையிட வேண்டும் என்று இருக்கிறது. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்தக் காரணத்தை முறியடிக்கும் புதிய ஆதாரம் கொடுத்தால், மறு கட்டணம் இல்லாமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. இதை என்னிடம் கேட்டுத்தான் பலர் முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

காத்திருக்கும் காலத்திலும் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகிறது. மருத்துவப் பரிசோதனை பொதுவாக 6 மாதம் செல்லும், பிறகு மறுபடி எடுக்க வேண்டும். இடையில் டூரிஸ்ட் விசாவில் பார்த்துவிட்டு வரலாம் என்றால், குடியேறும் எண்ணம் உள்ளவர் என்று அதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கே இருப்பவர்தான் லீவு போட்டுவிட்டுப் பறந்து வர வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இரண்டு வரி. எந்தத் தாள் குறைகிறது, அல்லது எந்தச் சட்டப் பிரிவில் எதனால் மறுத்தோம் என்று ஒன்று. மனு எங்களிடமே இருக்கிறதா, திருப்பி அனுப்புகிறோமா, எந்தத் தேதிக்குள் என்ன செய்யலாம் என்று இன்னொன்று. பாதுகாப்பு காரணமாகச் சொல்ல முடியாதவை இருக்கலாம், அவற்றை விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு எழுதலாமே.

உங்கள் வாசலைத் தாண்டியதும் அவர்கள் போன் போடுவார்கள். 'என்ன சொன்னாங்க?' என்பதுதான் மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி. அந்தத் தாளைப் பார்த்து அவர்களே பதில் சொல்லும்படி எழுதிக் கொடுங்கள்.

மரியாதையுடன்,
மறுப்புத் தாள்களை வாசித்துச் சொல்லும் ஒருவன்