தரவரிசையைப் பார்த்தா கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கல்வி இணைப்பில் அமெரிக்காவில் கலை, அறிவியல் இரண்டையும் கலந்து இளநிலைப் பட்டம் தரும் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படி ஒன்றை எழுதியதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும், அமெரிக்கப் படிப்பு என்றாலே நாலைந்து பெரிய பல்கலைக்கழகங்களின் பெயரைத் தாண்டி நம் பத்திரிகைகளில் பேச்சே வருவதில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், நல்ல கல்லூரிகள் இரண்டில் இடம் கிடைத்தால் தரவரிசையில் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் மினசோட்டாவில் பல ஆண்டுகளாக இருப்பவள். என் அக்கா மகளுக்கு அயோவாவில் உள்ள கிரினெல், இங்கே மினசோட்டாவில் உள்ள கார்ல்டன் இரண்டிலும் இடம் கிடைத்தபோது அக்காவும் மாமாவும் முதலில் திறந்து பார்த்தது யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசைப் பட்டியலைத்தான். பெரும்பாலான ஆண்டுகளில் அதில் கார்ல்டன் சில இடங்கள் மேலே இருக்கும். சரி, அந்தச் சில இடங்கள் எங்கிருந்து வருகின்றன? அந்தப் பட்டியலின் மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, பிற கல்லூரிகளின் தலைவர்களும் அட்மிஷன் அதிகாரிகளும் இந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வாங்கும் கருத்து. மிச்சம், எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், ஆசிரியர்களுக்கு என்ன சம்பளம் என்பது போன்ற கணக்குகள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி திங்கட்கிழமை காலையில் எந்த வகுப்பில் உட்காரப் போகிறாள், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் எவ்வளவு பாடம் போகும் என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் பதில் கிடையாது.

தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிரினெல் 1846-லும் கார்ல்டன் 1866-லும் தொடங்கப்பட்டவை. முன்னதில் சுமார் 1,700 மாணவர்கள், பின்னதில் சுமார் 2,000. முதுகலை, முனைவர் மாணவர்கள் கிடையாது என்பதால் வகுப்பு எடுப்பதும் ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் நிற்பதும் பேராசிரியர்களேதான். படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் பிறகு முனைவர் பட்டம் வாங்குகிறார்கள் என்ற விகிதத்தில் இரண்டுமே நாட்டின் முன்வரிசையில் இருப்பவை. இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949-ல் கிரினெலில் பட்டம் பெற்றவர். பொருளியல் அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1880-ல் கார்ல்டனில். பெருமை பேச இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

உண்மையான வித்தியாசம் நாட்காட்டியில் இருக்கிறது. இதை நம்மவர்கள் யாரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கிரினெலில் நமக்குப் பழக்கமான செமஸ்டர் முறைதான். பொதுவாக ஒரு நேரத்தில் நான்கு பாடங்கள், பட்டத்துக்கு 124 கிரெடிட், பாடத்துக்கு நான்கு கிரெடிட் என்று வைத்தால் நான்கு ஆண்டில் சுமார் 31 பாடங்கள். கார்ல்டனில் ஆண்டுக்கு மூன்று டேர்ம், ஒவ்வொன்றும் பத்தே வாரம், ஒரு நேரத்தில் மூன்று பாடங்கள், பட்டத்துக்கு 210 கிரெடிட், பாடத்துக்கு ஆறு கிரெடிட், ஆக 35 பாடங்கள். காகிதத்தில் பார்த்தால் சின்ன வேறுபாடாகத்தான் தெரியும். வாழ்ந்து பார்க்கும்போது வேறு மாதிரி. பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிகிறது என்றால் ஐந்தாவது வாரத்திலேயே பாதிக் கிணறு தாண்டியிருக்க வேண்டும், புதிதாக வந்த மாணவிக்கு ஊரும் உச்சரிப்பும் பழகுவதற்குள் முதல் தேர்வு வந்து நிற்கும், ஒரு வாரம் உடம்பு சரியில்லை என்றால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் மூன்றே பாடங்கள் என்பதால் மனம் சிதறாது, பிடிக்காத பாடம் சீக்கிரம் முடிந்துவிடும், சொந்தப் பேராசிரியர்களோடு வெளிநாட்டில் ஒரு டேர்ம் படித்துவிட்டு வந்தாலும் இங்கே தவறுவது அந்த ஒரு டேர்ம்தான். ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் அதிலேயே மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். புரிந்துகொள்ள நேரம் எடுத்து, பிறகு ஆழமாகப் போகிற பிள்ளைகள் இதில் திணறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விடுமுறையும் இதிலிருந்துதான் வருகிறது. கார்ல்டனில் நவம்பர் கடைசியில் முதல் டேர்ம் முடிந்தால் ஜனவரி தொடக்கம் வரை, கிட்டத்தட்ட ஆறு வாரம் கல்லூரி இல்லை. ஊருக்கு வந்து போக அருமையான நேரம், அங்கேயே தங்க வேண்டிய வெளிநாட்டு மாணவருக்கோ நீண்ட குளிர்காலத் தனிமை. எங்கே தங்கலாம், சாப்பாட்டுக்கூடம் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அதேபோல கார்ல்டன் ஆண்டு ஜூன் தொடக்கத்தில்தான் முடியும், மே கடைசியில் ஆரம்பிக்கும் சில கோடைக்கால ஆராய்ச்சிப் பணிகளுக்கு அது இடிக்கும். (குளிரைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு ஊரிலும் குளிர்தான், அதில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.)

அடுத்தது விதிகள். கிரினெலில் எல்லோருக்கும் கட்டாயம் என்பது முதல் செமஸ்டரில் எடுக்கும் டுடோரியல் என்ற சிறு குழு வகுப்பு ஒன்றுதான். அந்த டுடோரியலை நடத்தும் பேராசிரியரே, மேஜர் என்னும் முதன்மைப் பாடத்தை முடிவு செய்யும் வரை அந்த மாணவரின் அட்வைசராக, அதாவது படிப்பு ஆலோசகராக இருப்பார். கார்ல்டனில் முதலாண்டு செமினார், வேற்று மொழி, தான் எழுதிய கட்டுரைகளைச் சேர்த்துக் காட்டும் எழுத்துத் தொகுப்பு, ஆய்வுக்கூடத்தோடு அறிவியல், கலைப் பயிற்சி, எண்களைக் கையாளும் பாடங்கள், உடற்பயிற்சி வகுப்புகள் என்று பட்டியல் நீளும், கடைசி ஆண்டில் 'காம்ப்ஸ்' என்று அவர்கள் சொல்லும் ஆய்வுத் திட்டத்தை எந்தத் துறையானாலும் முடித்தாக வேண்டும். என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லாத கல்லூரிதான் நல்லது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. தெரியாத பிள்ளை, விட்டால் தெரிந்த பாடங்களையே சுற்றிச் சுற்றி எடுக்கும். பயாலஜியும் நாடகமும் வேண்டும், இரண்டையும் விடமாட்டேன் என்று நிற்கிற எங்கள் பெண்ணைப் போன்றவர்களுக்குத்தான் திறந்த பாடத்திட்டம் உண்மையில் உதவுகிறது. அங்கேயும் அட்வைசர் நன்றாக அமைந்தால்தான் அது பலன் தரும்.

பணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வருத்தம். இரண்டு கல்லூரியிலும் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் போகிறது. இரண்டுமே, சேர்த்துக்கொண்ட மாணவரின் குடும்பத்துக்குத் தேவை என்று தாங்கள் கணக்கிடும் தொகையை முழுதாகத் தருவதாகச் சொல்கின்றன, ஆனால் தரும் விதம் வேறு. கிரினெல் 2021 முதல் தன் உதவித் தொகுப்பில் கடனைச் சேர்ப்பதில்லை, தகுதி அடிப்படையிலும் உதவித்தொகை கொடுக்கிறது. கார்ல்டன் கொடுப்பது ஏறக்குறைய முழுதும் தேவை அடிப்படையில்தான், அதில் கடனும் சேர்ந்திருக்கலாம். ஆகவே கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல், திருப்பித் தர வேண்டாத பணம் எவ்வளவு என்பதை மட்டும் மொத்தச் செலவில் கழித்துப் பாருங்கள். கடனும், பிள்ளை வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய தொகையும் உதவிக் கணக்கில் வராது. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்போது உதவியும் ஏறுமா என்று எழுத்தில் கேளுங்கள். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்கவே முடியாது என்பது பல கல்லூரிகளில் விதி.

இன்னொன்று, விசா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தபின் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி உண்டு, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்தப்பட்ட பட்டமாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொருளியல் போன்ற துறைகளில் ஒரே பெயருள்ள பட்டம் ஒரு கல்லூரியில் ஸ்டெம் வகையிலும் இன்னொன்றில் வேறு வகையிலும் இருக்கக்கூடும். இதைக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டில் முடிவுக்கு வர உதவியது ஒரு சின்ன வேலை. இரண்டு கல்லூரியும் பாட அட்டவணையை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதை எடுத்து, முதலாண்டு முழுவதுக்கும் டைம்டேபிள் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கார்ல்டன் தாளில் ஆய்வுக்கூடமும் ஒத்திகையும் ஒவ்வொரு டேர்மிலும் முட்டிக்கொண்டன, கிரினெலில் மூச்சுவிட இடம் இருந்தது. அவள் கிரினெலுக்குப் போனாள், பட்டியலில் கீழே இருப்பதற்கு. வேறொரு பெண் அதே தாளைப் போட்டுப் பார்த்து கார்ல்டன் என்றால் அதுவும் சரிதான்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் இதே தலைப்பில் மறுபடி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது தரவரிசை அட்டவணைக்குப் பதில், உதவிக் கடிதம் ஒன்றைப் பெயர் நீக்கி அச்சிட்டு எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுங்கள், பெற்றோருக்கு அது போதும். மே 1-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் முன்பணம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டிலும் கட்டி வைத்தால் இரண்டுமே இடத்தை ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. போகாத கல்லூரிக்கு, வரவில்லை என்று அன்றைக்கே எழுதிவிடச் சொல்லுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் வேறொரு பிள்ளை இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மினசோட்டா